பதினொரு தலைக்கவசங்கள்

இருபத்தேழு நாட்களாக நவமணியின் சைக்கிள் கடையில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை சரியாகத்தானே இருந்தது.

அன்று சனிக்கிழமை மாலையும் தயாளன் அதைத்தான் சொன்னான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது அந்தக் கடை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் கால்நீட்டி உட்கார்ந்து, தே ஓ ஆய்ஸ் என்ற பாலில்லாத ஐஸ் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பக்கத்தில் காமினி. அவள் மருத்துவமனைத் தாதி. மூன்று வருடங்களுக்கு முன்பு பஞ்சர் ஒட்ட வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். இந்தக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

"அக்கா, நாலு வாரம் ஆச்சு. நாளைக்கு ஆரம்பிச்சிருவோம் லா. சுலைமான் பாய் டெய்லி கேக்குறாரு, எப்ப ரைடு எப்ப ரைடுன்னு. அவரு வயிறு திரும்ப பழைய சைசுக்கு வந்திருச்சு."

"அவரு வயிறு எப்பண்ணே குறைஞ்சிச்சு?" என்றாள் காமினி.

நவமணி சிரிக்கவில்லை. தாங்கியில் மாட்டியிருந்த ஒரு சிறுமியின் சைக்கிளுக்கு பிரேக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். பத்து நிமிட வேலை. முக்கால் மணி நேரமாகச் செய்கிறாள்.

"நீங்க என்ன தப்பு பண்ணுனீங்க?" தயாளன் விடவில்லை. "பதினொரு பேரு கிளம்புனோம். மேல எண்ணுனீங்க, பதினொண்ணு. கணக்கு சரி. நடுவுல ஒருத்தன் வந்து ஒட்டிக்கிட்டா நீங்க என்ன செய்வீங்க?"

இந்த ஆறுதலை அவன் அன்போடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பாயான் பாருவில் குடியிருந்துகொண்டு பக்கத்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவள் நவமணி. வேலை போனதும் கைக்கு வந்ததைப் போட்டு இந்தக் கடையைத் திறந்தாள். பேரங்காடிகளில் பெரிய பெரிய சைக்கிள் கடைகள் இருக்கின்றன. அங்கே இல்லாத ஒன்று இங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடை வாசலிலிருந்து கிளம்பும் கூட்டமும், அந்தக் கூட்டத்துக்கு அவள் போட்டிருந்த ஒரே சட்டமும். யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. மலையில் அவரவர் வேகத்தில் ஏறலாம். உச்சியில் எல்லோரும் காத்திருக்க வேண்டும். நவமணி தலைக்கவசங்களை எண்ணுவாள். எண்ணிக்கை நிறைந்த பிறகுதான் இறங்குவது. குண்டானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், வெட்கப்படுகிறவர்கள் எல்லாம் அந்தச் சட்டத்தை நம்பித்தான் அவளிடம் சைக்கிள் வாங்கினார்கள்.

விநாசித்தம்பியும் அப்படி வந்தவர்தான். ஓய்வுபெற்ற குமாஸ்தா, யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், வயது அறுபத்தொன்பது. எப்போதும் கடைசி ஆள். மற்றவர்கள் உச்சிக்கு வந்து இருபது நிமிடம் கழித்துத்தான் அவருடைய வெள்ளைத் தலைக்கவசம் திருப்பத்தில் தெரியும். இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் அதே சொற்களைச் சொல்லுவார். "வந்திட்டன் பிள்ளை. எண்ணிக்கொள்ளுங்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கால் நன்றாக ஓடியது. தெலுக் பகாங் அணைக்கட்டு வரை கூட்டத்தோடு கூட்டமாக வந்தார். அங்கேதான் இம்ரான் என்ற இளைஞன் சேர்ந்துகொண்டான். தனியாக வந்தவன், பேச்சுத்துணைக்கு ஒட்டிக்கொண்டான். அங்கிருந்து ஏற்றம். தித்தி கெராவாங் உச்சியில் நின்றபோது பாலேக் பூலாவ் பக்கம் வானம் கறுத்திருந்தது. சுலைமான் பாய் தம் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையைத் திறக்க வேண்டும் என்று துடித்தார். காமினிக்குப் பதினொரு மணிக்கு வேலை. நவமணி விரலை நீட்டி எண்ணினாள். பதினொன்று. "போலாம்" என்றாள்.

கீழே ரொட்டி சானாய் கடையில் மேசைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகு, "நம்ம குரூப்ல என்ன பேரு தம்பி போட்டிருக்க, புதுசா சேந்திருக்கியா?" என்று தயாளன் இம்ரானிடம் கேட்டான். "இல்லண்ணே, நான் உங்க குரூப்பே இல்ல" என்று அவன் சொன்னபோது மேசையில் எல்லோருடைய கையும் நின்றது.

விநாசித்தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். போகவில்லை. திரும்ப ஏறிப் போனபோது, உச்சிக்கு இரண்டு திருப்பம் கீழே, டுரியான் தோட்டத்து வேலிக்குப் பக்கத்துக் கால்வாயில் கிடந்தார். தோட்டக்காரர் ஒருவர் தலையை மடியில் வைத்திருந்தார். தொலைபேசி தண்ணீருக்குள். மாரடைப்பு. அரைமணி நேரம் முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, நவமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது ஒன்று உண்டு. நவமணி அவரை வழியில் கடந்து போயிருந்தாள்.

அந்த இரண்டாவது திருப்பத்திலேதான். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். அவள் நெருங்கியதும் கையைத் தூக்கினார். அவள் நிற்கவில்லை. ஏற்றத்தில் நின்றால் மறுபடி மிதிக்கத் தொடங்குவது கடினம். "மெதுவா வாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். அந்தக் கை, நீ போ என்று சொன்னதா, நில் என்று சொன்னதா? இருபத்தேழு நாட்களாக அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சில நேரம் அது வழி விடுகிறது. சில நேரம் அவளைப் பிடித்து இழுக்கிறது.

அதைக்கூட மறந்துவிடலாம். உச்சியில் எண்ணியபோது நடந்ததை மறக்க முடியவில்லை. பதினொன்று என்று வந்ததும், அவர் பின்னால் இருக்கிறார், எப்படிப் பதினொன்று என்று அவளுக்குள் ஒன்று கேட்டது. தெளிவாகவே கேட்டது. எண்ணிக்கொள்ளுங்கோ என்ற குரல் இன்னும் வரவில்லை என்பதும் தெரிந்தது. ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு வந்தது சந்தேகம் அல்ல, சந்தோஷம். இன்றைக்குக் காத்திருக்க வேண்டாம். எண் சரியாக இருக்கிறது, யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரு வருடமாக ஒவ்வொரு வாரமும் அந்த இருபது நிமிடத்தை அவள் வெறுத்திருக்கிறாள் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை எண்ணவில்லை. எண்ணினால் முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சந்தின் முனையில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஓட்டியவள் இறங்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு மெலிந்த ஒரு பெண்மணி இறங்கி, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வந்தார். விநாசித்தம்பியின் மனைவி வள்ளிநாயகி. தயாளன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"வாங்க ஆன்ட்டி, உக்காருங்க."

"இருக்க நேரமில்லைத் தம்பி. மகள் காரை வைக்க இடமில்லாமல் நிக்கிறாள். பிரியந்திக்குப் பொறுமை இல்லை, அப்பனைப் போல." அவர் நவமணியைப் பார்த்தார். "வாற புதன் அவற்ற முப்பத்தொண்டாம் நாள். நீங்கள் எல்லாரும் வரவேணும். அவர் இங்க வந்துதான் சிரிச்சவர். வீட்டில எங்க சிரிச்சார்?"

"கண்டிப்பா வருவோம் ஆன்ட்டி," என்றான் தயாளன். "நாங்க எல்லாம் அதே பேச்சுதான். எண்ணிக்கை சரியா இருந்துச்சு, அதான் ஏமாந்துட்டோம்."

"எனக்குத் தெரியும் தம்பி. உங்களில பிழை சொல்ல மாட்டன்." அவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "அவற்ற சைக்கிள் இங்கதான் நிக்குதாம். ஒருக்கால் பார்க்கலாமோ?"

நவமணி அவரைக் கடையின் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். உதிரிப் பெட்டிகளுக்கு நடுவே, சுவரோரம், துணி போர்த்தி வைத்திருந்தாள். துணியை எடுத்தாள். கைப்பிடி ஒருபக்கம் திரும்பியிருந்தது. அவள் அதை நேராக்கவில்லை. இத்தனை நாளில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

வள்ளிநாயகி இருக்கையின் மேல் கையை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"ஆன்ட்டி." நவமணிக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "எண்ணிக்கை சரியா இருந்துச்சுன்னு அவங்க சொல்றாங்க. அது உண்மைதான். ஆனா எனக்குத் தெரியும் ஆன்ட்டி. அவர் பின்னால இருக்காருன்னு எனக்குத் தெரியும். நான் அவரத் தாண்டித்தான் மேல போனேன். அவர் நின்னுக்கிட்டு இருந்தாரு. கையத் தூக்குனாரு. நான் நிக்கல. மேல போய் எண்ணுனா பதினொண்ணு வருது. எப்படி வரும்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல. வேணும்னேதான் யோசிக்கல. காத்திருக்கப் பிடிக்கல எனக்கு."

சொல்லி முடித்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடிப்பாரா, கத்துவாரா, முன்னால் போய் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாரா? எதுவானாலும் சரி. அது வந்தால் போதும் என்று இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று இளகுவது போலக்கூட இருந்தது. அதற்காக அவள் தன்னையே அருவருத்தாள்.

வெளியே தயாளன் எதற்கோ சிரிப்பது கேட்டது.

"எந்தக் கை?"

"என்ன ஆன்ட்டி?"

"எந்தக் கையைத் தூக்கினவர்?"

நவமணி நினைத்துப் பார்த்தாள். ஆயிரம் தடவை பார்த்த கை. இடதா வலதா என்று தெரியவில்லை. "ஞாபகம் இல்ல ஆன்ட்டி."

"எத்தினை மணி இருக்கும்?"

"ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் முன்ன. ஏழு நாப்பது இருக்கும்."

வள்ளிநாயகி தலையை ஆட்டினார். சைக்கிளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஏழு நாப்பத்திரண்டுக்கு எனக்குப் போனில அவற்ற கோல் வந்தது."

நவமணி நிமிர்ந்தாள்.

"ஒவ்வொரு ஞாயிறும் மேல ஏறினவுடன எனக்குப் போன் அடிப்பார். ஏறிட்டன் எண்டு சொல்லுவார். சின்னப் பிள்ளை மாதிரி. அதுக்கு நான் ஓமோம், கெட்டிக்காரன் எண்டு சொல்லவேணும். அண்டைக்கு மாவில கை. போன் கத்துது, அவற்ற பேர் தெரியுது. இந்த மனுசனுக்கு வேற வேலை இல்லை எண்டு நினைச்சன். எடுக்கேல்லை. பிறகு கையைக் கழுவினன். திருப்பி அடிச்சிருக்கலாம். நீங்கள் எல்லாரும் பக்கத்தில நிக்கிறீங்கள்தானே, சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருப்பார் எண்டு விட்டிட்டன். நீங்கள் ஆளை விட்டிட்டுப் போக மாட்டீங்கள் எண்டு அவர் எத்தினை தரம் சொன்னவர்."

நவமணி பக்கத்திலிருந்த பெட்டிகளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரியந்தி வாறதுக்கு முதல் அந்தக் கோலை என்ர போனில இருந்து அழிச்சுப் போட்டன்," என்றார் வள்ளிநாயகி. "அவற்ற போன் தண்ணிக்க போயிட்டுது. அது நல்லது எண்டு நினைச்சன் நான். செத்த மனுசன்ர போன் தண்ணிக்க போனது நல்லது எண்டு நினைச்சன். அப்பிடி ஒரு பெண்சாதி."

"ஆன்ட்டி, நீங்க அப்படி…"

"வேண்டாம்." அவர் குரல் உயரவில்லை. ஆனால் முதன்முறையாக நவமணியின் கண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. "எனக்கு ஆறுதல் சொல்லாதீங்கோ. நீங்கள் சொல்லாதீங்கோ. இவ்வளவு நாளும் அது ஆசையில அடிச்ச கோல் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். கிட்ட வந்திட்டன் எண்டு சொல்லத்தான் எடுத்தவர், பிறகுதான் என்னவோ நடந்தது எண்டு. இப்ப நீங்கள் வந்து, நடுவழியில இறங்கிக் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டவர் எண்டு சொல்லுறீங்கள்."

தெருவில் கார் ஹாரன் அடித்தது. இரண்டு முறை.

வள்ளிநாயகி துணியை எடுத்து, மூலைகளைச் சரிபார்த்து, சைக்கிளின் மேல் போர்த்தினார். தூங்குகிற ஒருவருக்குப் போர்த்துவது போல இல்லை. வேலையாகச் செய்தார்.

"மகளுக்கு இது தெரியக்கூடாது. தெரிஞ்சால் அவள் என்னோட கதைக்க மாட்டாள். நீங்களும் உங்கட கதையை அங்க வந்து ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. ஏழு நாப்பதுக்கு அவர் றோட்டில நிண்டவர் எண்டு நீங்கள் சொன்னால், பிறகு ஆரைக் கூப்பிட்டவர் எண்டு அவள் ஒவ்வொண்டாய்க் கேக்கத் தொடங்குவாள். விளங்குதோ?"

"விளங்குது ஆன்ட்டி."

"புதன்கிழமை வாங்கோ. வராமல் விட்டால் ஏன் எண்டு கேப்பாள்."

வாசலுக்கு வந்தபோது அவருடைய குரல் மாறிவிட்டிருந்தது. "வாறன் தம்பி, வாறன் பிள்ளை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, பிந்தாதீங்கோ" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி காரை நோக்கி நடந்தார்.

தயாளன் கார் திரும்பும்வரை கையசைத்தான். பிறகு நவமணியிடம் வந்தான்.

"பாத்தீங்களாக்கா? அவங்க மனசுல ஒண்ணுமே இல்ல. நீங்கதான் சும்மா போட்டுக் குழப்பிக்கிறீங்க. உள்ள என்ன சொன்னாங்க?"

சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்றுதான் அவள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். யாரிடம் சொல்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது. இப்போது சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டியவரே கேட்டுவிட்டார். இனி யாரிடமும் சொல்ல முடியாது. அந்த ரகசியம் தன்னுடையது மட்டுமாக இருந்தவரை, என்றாவது ஒருநாள் இந்த வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிடலாம் என்ற வழியாவது இருந்தது.

"புதன்கிழமை கூப்பிட்டாங்க," என்றாள்.

"அவ்வளவுதானே? அப்ப நாளைக்கு ஆறு மணி. குரூப்ல போட்டுறவா?"

காமினி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அக்கா, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. இவரு கெடக்குறாரு."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தயாளன் கேட்பான், சுலைமான் பாய் கேட்பார். அன்போடுதான் கேட்பார்கள். ஏன் ஏன் என்று கேட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து, கடைசியில் மாவுக் கையோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேருவார்கள்.

"போடு," என்றாள் நவமணி. "ஆறு மணிக்கு."

"அக்காதான் எண்ணணும்," என்றான் தயாளன், தட்டச்சு செய்துகொண்டே. "வேற யாரும் எண்ணுனா எங்களுக்கு நம்பிக்கை வராது."

அவள் தாங்கிக்குப் பக்கத்தில் போனாள். சிறுமியின் சைக்கிளில் பிரேக் கம்பி பாதி கோத்தபடி நின்றது. அந்தப் பிள்ளையின் தாயார் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நவமணி கம்பியை முழுவதும் உருவி எடுத்துவிட்டு, முதலிலிருந்து கோக்கத் தொடங்கினாள்.