டேஷ்போர்டுக்குள் பனிக்கட்டி

அரூர் மெக்கானிக் நசீருதீன் அதுவரை ஏசி வைத்த காரைத் தொட்டதில்லை. டாக்டரம்மா ராஜாமணி மெட்ராஸில் வாங்கிவந்த அம்பாசடருக்கு விசித்திரமான கோளாறு. கிளம்பியதும் ஜில்லென்று வரும் காற்று, அரை மணியில் நின்றுவிடும். வண்டியைக் கொஞ்சம் ஓய்வாக விட்டால் தானே சரியாகிவிடும்.

“நானும் கூட வரேனுங்க. எப்படி நிக்குதுன்னு பார்த்துடலாம்,” என்றான்.

டாக்டரம்மாவே ஓட்டினார். சேலம் ரோட்டில், மஞ்சவாடி கணவாய் ஏறும்போது காற்று நின்றது. ஆனால் உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் காற்று எங்கே போகிறது? மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்த மூடியைக் கழற்றினான். குளிர்த் தகடுகளின் மேல் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி.

“இங்க பாருங்க. ஐஸ் கட்டி, காத்து வர்ற வழிய அடைச்சிருக்குதுங்க.”

ராஜாமணி குனிந்து விரலால் தொட்டார். “அதான் கரைஞ்சதும் காத்து வருது. சரி, குளிர் போதும், நிறுத்துன்னு மெஷினுக்கு எது சொல்லும்?”

அந்தக் கேள்வியோடு துழாவினான். குளிரை உணரும் மெல்லிய செப்புக் குழாய் தகடுகளிலிருந்து நழுவித் தொங்கியது. ஐஸ் கரையும்வரை காத்திருந்து, அதை அதன் இடத்தில் செருகினான்.

சேலம் வரை காற்று நிற்கவில்லை.

“இன்னும் வருதா?”

“வருதுங்க,” என்றான் நசீருதீன். காற்று வரும் துளையிலிருந்து கையை எடுக்க அவனுக்கு மனமே வரவில்லை.