அடைக்கோழிச் சாறு

சத்தியநேசன் முட்டையை மனைவியின் காதோரம் பிடித்துக்கொண்டு நின்றார். தேவமணி கண்ணைத் திறக்கவில்லை. காசநோய் அவள் உடம்பில் காதைத் தவிர வேறு எதையும் உருப்படியாக மிச்சம் வைத்திருக்கவில்லை.

"இது இருக்கு," என்றாள்.

அடுத்ததைப் பிடித்தார். நெடுநேரம் கேட்டாள். பிறகு தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியும்; விடிந்ததிலிருந்து இப்படி நாலு முட்டையைக் கொல்லையில் புதைத்தாயிற்று. ஒன்பதில் கடைசியாக இரண்டுதான் தேறின.

எல்லாம் அவருடைய அவசரத்தால் வந்த வினை. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவர். மூவேழு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பையன் வாயைத் திறப்பதற்குள் இருபத்தொன்று என்று தானே சொல்லிவிடுவார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். இவருக்கு ஆக்கவே பொறுக்காது.

மூன்று நாளைக்கு முன்னால் பாளையங்கோட்டையிலிருந்து வந்த வைத்தியர், தெம்புக்குக் கோழிச்சாறு கொடுக்கச் சொல்லிப் போனார். உச்சிப்பொழுது. கோழிகளெல்லாம் வாய்க்கால் பக்கம் மேயப் போயிருந்தன. அந்தியில் கூடடையும்வரை பொறுத்திருந்தால் கொழுத்த வெடைக்கோழி ஒன்று தானாகக் கைக்கு வந்திருக்கும். ஆனால் அடுப்படி மூலையில், ஓலைப்பெட்டிக்குள், ஒரு கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது. துரத்த வேண்டியதில்லை. அது அடையில் இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறொன்றைப் பிடித்து உட்கார வைத்தால் போயிற்று என்று நினைத்தார். கோழி என்ன, மூன்றாம் வகுப்புப் பையனா, இடம் மாற்றி உட்கார வைக்க?

தேவமணி இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"எந்தக் கோழிய அறுத்திய?"

அவர் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஒரு பொட்டு நெய் மெதக்கல. அடையில கெடந்ததயா அறுத்திய?"

"ஒனக்குத் தெம்பு வேணும்லா..."

"பதினெட்டு நாளு தீனி தண்ணி ஒழுங்கா இல்லாமக் கெடந்த கோழி. அதுட்டயே தெம்பு இல்ல. எனக்கு எங்கேருந்து வரும்?"

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் முட்டையைப் பற்றி மட்டும்தான். உமியைச் சூடுகாட்டிப் பெட்டியில் போடச் சொன்னாள். பழைய சேலையால் மூடச் சொன்னாள். சாப்பிட்டீர்களா என்றுகூட அவரைக் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அதைக் கேட்காத நாள் இல்லை. ஒரே ஒரு குஞ்சையாவது உயிரோடு அவள் கையில் வைத்துவிட்டால், அந்த முகம் தன் பக்கம் திரும்பிவிடும் என்று அவர் நம்பினார். அவளுக்கு நாள் அதிகம் இல்லை என்பதும் தெரிந்திருந்தது. அதனால் இன்னும் பதறினார்.

இருபத்தொன்றாம் நாளான இன்றைக்கு இரண்டு முட்டையிலும் மிளகளவு ஓட்டை விழுந்திருந்தது. அதற்குமேல் நகரவில்லை. கோழி வயிற்றின் கதகதப்பு இல்லாமல் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெந்நித் துணியால நனைங்க," என்றாள் தேவமணி. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள். "ஓட்ட கொஞ்சங் கொஞ்சமா எடுங்க. செவப்பா நரம்பு தெரிஞ்சா கைய எடுத்துரணும். அந்த ரத்தம் குஞ்சுக்குள்ள போனப் பெறவுதான் மத்தது."

அவர் முதல் முட்டையை எடுத்தார். நனைத்தார். அலகு தெரிந்தது, மூடிய கண் தெரிந்தது. கட்டிலில் அவள் நெஞ்சு கரகரவென்று இழுப்பது கேட்டது. இப்போதே காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. விரல் நகத்தால் தோலைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தார். உள்ளங்கை முழுவதும் ரத்தம். குஞ்சு இரண்டு முறை காலை நீட்டியது, அவ்வளவுதான். அவள் பார்த்துவிடக் கூடாதென்று திரும்பி நின்றுகொண்டார்.

"பிச்சிட்டியளா?"

"கை வழுக்கிட்டு."

அவர் பொய் சொல்வது அவளுக்குத் தெரியும்.

"மத்ததுக்காவது பொறுங்க," என்றாள்.

இரண்டாவது முட்டையோடு கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். துணியை நனைத்துப் பிழிந்து வைத்தார். அரிசியளவு ஓடு எடுத்தார். மறுபடி நனைத்தார். தோலுக்குள்ளே சிவப்பு இழை ஒன்று ஓடுவது தெரிந்ததும் தீயைத் தொட்டதுபோல் கையை எடுத்துவிட்டார். காத்திருந்தார். பின்னால் அவள் இருமினாள். பிறகு இருமல் நின்றது. தூங்குகிறாள், நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் கஞ்சித் தண்ணீரோடு உள்ளே வந்தவள், கட்டிலருகே போய் நின்றாள். செம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வாத்தியாரய்யா, இங்கன வாங்க."

"பொறு பேச்சி. இன்னும் ரத்தம் இருக்கு," என்றார் அவர், திரும்பாமலே.

வெயில் காலமாதலால் அன்று சாயங்காலமே அடக்கம். சவப்பெட்டியைத் தூக்கும்போது கோவில் மணி ஒவ்வொன்றாக அடித்தது. சத்தியநேசன் ஈரத்துணியில் சுற்றிய முட்டையைச் சட்டைக்குள், வயிற்றுத் தோலோடு ஒட்ட வைத்து, வலது கையால் தாங்கிக்கொண்டு நடந்தார். துக்கம் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று ஊர் நினைத்தது. அதுவும் பொய்யில்லை. கல்லறையில் எல்லாரும் முழங்காற்படியிட்டபோது அவர் மட்டும் பைய, குனியாமல், ஒரு காலை மடக்கிப் பிறகு மறுகாலை மடக்கினார்.

"மண்ணு போடுங்க வாத்தியாரே," என்றார் உபதேசியார் வேதநாயகம்.

அவர் இடது கையால் அள்ளிப் போட்டார்.

"எடது கையாலயா போடுதாரு?" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அவர் கையை மாற்றவில்லை. வயிற்றோரம் ஏதோ ஒருமுறை முட்டியது.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தார். துணியைப் பிரித்தார். சிவப்பு இழை இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. அப்படியும் கை வைக்கவில்லை. இன்னொரு முறை நனைத்து வைத்துக் காத்திருந்தார். முற்றத்தில் உறவுக்காரர்கள் கொண்டுவந்த சோற்றுப் பானையைச் சுற்றிச் சனம் நின்றது.

"ஜெபம் பண்ணணும், வாங்க வாத்தியாரே," என்று உபதேசியார் எட்டிப் பார்த்தார்.

"பொறுங்க," என்றார்.

நகத்தால் ஓட்டின் தொப்பியை மெல்ல நெம்பினார். அது தானாகக் கழன்று வந்தது. குஞ்சு நனைந்த பஞ்சாக அவர் கைக்குள் சரிந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கழுத்து துவண்டு துவண்டு, கடைசியில் தலை நிமிர்ந்தது.

அவர் சட்டென்று எழுந்தார். பழைய அவசரம். வழியில் செம்பு ஒன்று காலில் தட்டி உருண்டது.

"இங்க பாரு தேவமணி..." என்று சொல்லிக்கொண்டே உள்ளறைக்குள் போனார்.

கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திச் சாத்தியிருந்தார்கள். கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. குஞ்சு வாயைத் திறந்து கத்தியது. அவர் இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டு அங்கேயே நின்றார்.