மேர்வினுக்காக ஒடீல் அழுதது

பாரிஸில் நான் பன்னிரண்டு வருடம் கூட்டித் துடைத்த நாடக அரங்கின் வாசலில் ஒடீல் மர்ஷானின் படம் ஆளுயரத்துக்கு நிற்கும். பதினேழு வயதில் மேடை ஏறியவர். ராணி, வேலைக்காரி, பைத்தியக்காரி என்று அவர் போடாத வேஷம் இல்லை. ஆனாலும் சனம் வந்தது அவர் அழுவதைப் பார்க்கத்தான். அப்பேர்ப்பட்டவர் எழுபத்திரண்டு வயதில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஊர் திரும்பி நான் நடத்தும் நாலு அறை விடுதிக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி நாடகத்துக்கு முன் ஓய்வெடுக்க வந்தாராம். அதில் அவருக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேஷம். ஒடீல் பிள்ளை பெறாதவர். ஐம்பது வருடமாக ஒரே அழுகையைத்தான் வேறு வேறு உடுப்பில் அழுதிருக்கிறேன் என்று தானே சொல்லிச் சிரித்தார்.

விடுதியில் சமைப்பவர் மரியம்மா அக்கா. அவருடைய மகன் மேர்வினை 2007இல் பாலையூற்றில் வைத்து யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தோடு தகவல் இல்லை. அக்கா இன்றுவரை அழுததில்லை. அழுதால் அவன் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமாம். கோயிலில் மரித்தோர் பூசைக்கு அவன் பெயரைக் கொடுக்கவும் மாட்டார்.

இதையெல்லாம் ஒடீலிடம் சொன்னவள் நான்தான். பெரிய நடிகையோடு கதைக்கக் கிடைத்த சந்தோஷத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கா மீன் வெட்டுவதையும், வாசல் கேற் சத்தம் கேட்டால் கத்தி அப்படியே நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரிக்குத் தன் சமையலில் ஆசை என்று அக்காவுக்குப் பெருமை.

ஒடீல் போய் ஐந்து மாதத்தில், நாடகத்தின் ஒரு காட்சியை என் போனுக்கு அனுப்பினார். அக்காவுக்குத் தெரியாமல் பார்க்க நினைத்தேன். அவர் எப்போது வந்து என் பின்னால் நின்றார் என்று தெரியாது.

மேடையில் ஒடீல் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அக்காவைப் போலவே இடது தோள் சரிந்திருந்தது. கதவுச் சத்தம் கேட்டது. கத்தி நின்றது. நாலு பேர் வெள்ளைத் துணியால் மூடிய உடலொன்றைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஒடீல் வாய் திறந்தார். வந்தது அக்காவின் குரல். அக்கா அழுது நான் கேட்டதே இல்லை. ஆனாலும் சத்தியமாக அது அவருடைய குரல்தான். முடிவில் சனம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒடீல் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் மேல் அதைவிட. இத்தனை வருடம் ஒரு தாய் சாகவிடாமல் வைத்திருந்த பிள்ளையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கொன்றுவிட்டோம்.

"மன்னியுங்கோ அக்கா. நான்தான் அவவுக்குச் சொன்னனான்," என்றேன்.

அக்கா திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தரமும் போட்டேன். அவர் ஒடீலைப் பார்க்கவே இல்லை. உடல் கிடந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் துணியை விலக்கி முகத்தைக் காட்டினவையோ?"

"இல்லையக்கா. இது நாடகம். கிடக்கிறது ஒரு நடிகன்."

"ஓம், தெரியும்," என்றார் அக்கா. "எண்டாலும் அவவிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லு, அந்தப் பெடியன் எந்த ஊர் எண்டு."