பதினைந்தாம் ஆள்

ரஞ்சினி தன் கணவனின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கலியாணமாகி ஒன்பது வருசம், "இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டே காலம் ஓடிவிட்டது. மெல்பேர்ன் விமான நிலையத்தில் அதிகாரி கேட்டபோதுகூடத் தாளில் எழுதித்தான் காட்டினாள். அந்த மனிதர் இவளை ஊமை என்று நினைத்திருப்பார். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

1984 மாசியில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குச் சைக்கிளில் போன சிறிதரன் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனுடைய தமையன் கதிர்காமநாதன் ஸ்பொன்சர் பண்ணி ரஞ்சினியை மெல்பேர்னில் டண்டினொங்கில் இருந்த தன் வீட்டுக்கு எடுப்பித்தார். நெற்றியில் குங்குமத்தோடு வந்திறங்கினாள். அதை அழிக்க யாரையும் விடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

வேலை ஒரு முதியோர் இல்லத்தில் கிடைத்தது. அங்கே கடைசி அறையில் மிஸ்டர் ஹாலிங் இருந்தார். சுவீடன்காரர், வயது தொண்ணூற்று மூன்று. சுவரில் ஒரு பழைய படம்: வெள்ளை உடுப்பில் இருபத்துநான்கு இளந்தாரிகள். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்குத் தங்கம் வாங்கியவர்கள். அதில் தனி ஆளுக்கென்று ஒரு புகழும் கிடையாது. எல்லாரும் ஒரே மூச்சில் கையைத் தூக்க வேண்டும், ஒரே மூச்சில் இறக்க வேண்டும். ஒருவன் பிசகினால் எல்லாரும் பிசகின மாதிரி.

மைதானத்தில் இறங்குமுன் வரிசையாக நின்று ஒன்று, இரண்டு என்று எண் சொல்வார்களாம். கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் காலெடுத்து வைக்கக் கூடாது. ஹாலிங் பதினான்கு. அவருக்கு வலப்பக்கம் நின்ற பதினைந்தாம் ஆள் அர்விட், உயிர்ச் சிநேகிதன். அடுத்த வருசமே கப்பலேறினான். பிறகு கப்பலுமில்லை, அவனுமில்லை. நினைவு தெளிந்திருந்த ஒருநாள் கிழவரே அரைகுறை இங்கிலிஷில் இதைச் சொன்னார்.

தெளியாத நாட்களே அதிகம். காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, தன் மொழியில் "ஃபியூட்டொன்" என்பார். பதினான்கு. பிறகு தலையை வலப்பக்கம் சற்றே சாய்த்துக் காத்திருப்பார். பதினைந்து வராமல் கால் தரையில் படாது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் கத்தி ஊரைக் கூட்டுவார். பிடிவாதக்காரக் கிழடு என்று மற்றப் பெண்கள் கைவிட்டுவிட்டார்கள்.

ரஞ்சினிக்கு அப்படி விட மனம் வரவில்லை. காத்திருப்பது என்னவென்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேவாலயத்திலிருந்து அவரைப் பார்க்க வரும் சுவீடன்காரியிடம் கேட்டுப் பழகிக்கொண்டு, ஒருநாள் அவருக்கு வலப்பக்கம் நின்று "ஃபெம்டொன்" என்றாள். கிழவர் மறுபேச்சில்லாமல் காலைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து ஏழு மாதம் அவள்தான் பதினைந்து.

ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் கதிர்காமநாதன், ரஞ்சினி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி செய்யப்போறம், பிள்ளை. கல்யாணசுந்தரம் ஐயாவைக் கேட்டாச்சு."

"ஆருக்கு, அத்தான்?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்தார். "ஒண்டரை வருசமாச்சு. தான் கண்ணை மூடமுன்னம் அவனைக் கரைசேர்க்கச் சொல்லி அம்மா எழுதியிருக்கிறா."

"நாளைக்கு அவர் வந்து நிண்டா என்ன சொல்லுவியள்? உனக்குக் கிரியை செய்திட்டம் எண்டோ?"

"வந்தானெண்டால் அவன்ர காலில விழுவன்." குரல் உடைந்துவிட்டது. "தோளில தூக்கித் திரிஞ்ச தம்பி. இது எனக்கு ஆசையோ?"

அவரைத் திட்டவும் முடியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தியேட்டி என்ற ஈமக்கிரியை நடந்தால் குங்குமம் போய்விடும். அதற்குப் பிறகு சிறிதரனுக்காகக் காத்திருக்க இந்த உலகத்தில் ஓர் ஆள்கூட மிஞ்சாது.

வெள்ளிக்கிழமை காலை ஹாலிங் தன் எண்ணைச் சொன்னார். ரஞ்சினியின் நினைவெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. அவள் பதில் சொல்லப் பிந்திவிட்டது. கிழவர் சட்டென்று திரும்பி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தாய், அர்விட்?" என்று ஏனோ இங்கிலிஷில் கேட்டார். "ஒரு கடிதம் போட்டிருக்கலாமே. உன் அம்மா சாகும்வரை கதவைப் பூட்டவில்லை. வரிசையே உன்னால் நிற்கிறது."

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஒன்றரை வருசமாக ரஞ்சினி மனதுக்குள் வேறொருவனை ஏசிய ஏச்சும் இதேதான். இப்போது காணாமல் போனவனின் இடத்தில் தானே நின்று அதை வாங்கவேண்டி வந்துவிட்டது.

"வந்திட்டன்," என்றாள் தமிழில். "வரேலாமப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. அவளுடைய கையை இரண்டு தரம் தட்டிக்கொடுத்துவிட்டுக் காலைக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை அவள் போனபோது கட்டில் விரிப்பு உருவப்பட்டிருந்தது. விடியப்புறம் எண் ஒன்றும் சொல்லாமல் அமைதியாகப் போய்விட்டார் என்று பொறுப்புத் தாதி சொன்னாள். ரஞ்சினி பழக்கதோசத்தில் கட்டிலுக்கு வலப்பக்கம் போய் நின்றாள். சொல் வாய்வரை வந்தது. பதினான்கு சொல்லாமல் பதினைந்தை எப்படிச் சொல்வது? பாவி மனுசன், பொய்யை நம்பி நிம்மதியாகப் போய்விட்டார். தனக்கு அப்படியொரு பொய் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று எண்ணி அந்த வெறும் மெத்தையில் தலையை வைத்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பின்வளவில் கிரியை. கல்யாணசுந்தரம் கிழமை நாட்களில் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் வேலை செய்பவர், ஞாயிறுகளில் வேட்டி கட்டிக் குருக்களாகிவிடுவார். உடல் இல்லாதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்த வேண்டும். தர்ப்பைக்கு எங்கே போவது? ஓடைக்கரையில் அறுத்த புல்லில் முழ நீளத்துக்கு ஓர் ஆளைக் கட்டி வைத்திருந்தார். சிறிதரன் ஆறடி.

"ஆற்ற பேரில செய்யிறம்? பேரைச் சொல்லுங்கோ."

கதிர்காமநாதன் வாயைத் திறந்தார். விம்மல்தான் வந்தது. இன்னொரு தரம் முயன்று பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"பொறுங்கோ, அத்தான்," என்றாள் ரஞ்சினி. "நான் சொல்லுறன்."

பெண்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். அவள் முதுகை நிமிர்த்தினாள்.

"சிறிதரன்."

தேவைக்கு மேல் சத்தமாக, வேலிக்கு அப்பால் நிற்கிற ஒருவருக்குக் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையை வலப்பக்கம் சற்றே சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். கல்யாணசுந்தரம் மந்திரத்தைத் தொடங்காமல் பொறுத்திருந்தார். பக்கத்து வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த இயந்திரம்கூட அந்நேரம் பார்த்து நின்றது.

ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு தீப்பெட்டியை எடுத்துக் கதிர்காமநாதனின் கையில் கொடுத்தாள்.

"கொளுத்துங்கோ, அத்தான்."