அசையாத முள்

"முள்ளு இப்ப எங்கன நிக்கி?" மெஷினுக்குப் பின்னாலிருந்து கேட்டான் அருள்பாண்டி.

"வலப்பக்கம் ரெண்டு கோடு கூட," என்றாள் அவன் மனைவி முத்துச்செல்வி.

திருத்தங்கலில் அவர்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. பழசாக வாங்கிய மில்லிங் மெஷின் பாதி அறையை அடைத்துக்கொண்டது. மீதியில் கட்டிலும் டிவியும். மெஷினின் தலை மயிரிழை சாய்ந்தாலும் இரும்பு சமமாகச் சீவப்படாது, வெட்டிய வரிகள் நகத்தில் இடறும். அப்படி இடறியதால்தான் வேலை கொடுத்த சபரிநாதன் முதலாளி போன வாரம் பிளேட்டைத் திருப்பி அனுப்பினார். பட்டாசுப் பெட்டிக்கு அட்டை வெட்டும் மெஷினுக்கான இரும்புத் தகடு அது. இன்று சரியாக அமைந்தால் வருஷம் முழுக்க ஆர்டர். ஆர்டர் வந்துவிட்டால் முத்துச்செல்வி பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கப் போக வேண்டியதில்லை.

அருள்பாண்டி மெஷின் வாங்கியதே அதற்காகத்தான். எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் போட்டது போட்டபடி பைக்கை எடுத்துக்கொண்டு அவள் கம்பெனி வாசலுக்குப் பறப்பான். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். மற்ற பெண்கள் சிரிப்பார்கள் என்று அவளிடம் திட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவான்.

போல்ட்டைத் தளர்த்தி, தலையைப் பின்னாலிருந்து லேசாகத் தட்ட வேண்டும். எவ்வளவு நகர்ந்தது என்று முன்னால் தலையில் மாட்டிய டயலின் முள் காட்டும். ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை.

டங்கென்று தட்டினான். முத்துச்செல்வி துள்ளிப் பின்வாங்க, முழங்கை பட்டு டயல் திரும்பிக்கொண்டது. மருந்து ரூமில் இரும்போடு இரும்பு உரசக் கூடாது. கொண்டை ஊசியைக்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தப் பயம் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

"இது நம்ம வீடு செல்வி. இங்கன எதுவும் வெடிக்காது."

"எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியணும்ல."

சிரித்துக்கொண்டே பழைய பனியனைக் கிழித்துச் சுத்தியலில் சுற்றினான். பிறகு ஒவ்வொரு தடவையும், "தட்டப் போறேன் தாயி," என்று சொல்லிவிட்டே தட்டினான். அவள் விரல் நுனியால் டயலை இடமும் வலமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். போல்ட்டை இறுக்கினால் தலை மறுபடியும் நகர்ந்தது. சலிக்காமல் மறுபடியும் தளர்த்தினான்.

கடைசியில் இரண்டு பக்கமும் முள் ஒரே கோட்டில் நின்றது. "அசையலங்க," என்றாள். முன்னால் வந்து பார்த்தவன் கிரீஸ் கையோடு அவள் கன்னத்தைக் கிள்ளினான்.

சாயங்காலம் சபரிநாதன் வந்தபோது புதுப் பிளேட்டும் சீவித் தயாராக இருந்தது. நகத்தால் தடவிப் பார்த்தார். எங்கும் இடறவில்லை.

"முள்ளு பாத்தது யாரு?"

"இவதான் மொதலாளி. மருந்து ரூம்ல வேல பாத்த கை. துளி நடுங்காது," என்றான் அருள்பாண்டி. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

சபரிநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நல்லதாப் போச்சு. புதுப்பட்டியில நம்ம பட்டாசு கம்பெனிக்கு மருந்து ரூமுக்கு ஆளே கெடைக்கல. சீசன் வேற. ஆர்டர் ஒனக்குத்தான் அருளு. இவுக நம்மகிட்ட வந்துரட்டும்."

"இல்ல மொதலாளி, இவள நிப்பாட்டத்தான் நான்..."

"யோசிச்சுச் சொல்லு. பிளேட்டுக்கு விருதுநகர்லயும் ஆளுக கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக." முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

முத்துச்செல்வி அவனையும் மெஷினையும் பார்த்தாள்.

"வேன் எப்ப வரும் மொதலாளி?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அவர்கள் காலடியிலும் ஓரத்துச் சீட்டிலும் ஆர்டருக்கான இரும்புத் தகடுகள் அடுக்கியிருந்தன. டிரைவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அருள்பாண்டி வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். கடைசித் தகடும் இறங்கியதும் ஓரத்துச் சீட்டு காலியானது. முத்துச்செல்வி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.