மூன்றாவது பத்தி

...எடுக்க மாட்டேன், எடுக்கவே மாட்டேன், இயக்குநர் என்ன செய்துவிடுவார், மிஞ்சிப்போனால் மருந்துக் கிடங்குக்குத் தூக்கிப் போடுவார், போடட்டுமே, அங்கேயும் இதே இன்சுலின்தானே அடுக்கி வைத்திருக்கிறது, என்று மனசுக்குள் மல்லுக்கட்டியபடியே முதல் படியில் கால் வைத்தாள் சுகாதாரத் துறையின் கொள்முதல் பிரிவு மருந்தாளுநர். லிஃப்ட் படுத்து மூன்று நாளாகிறது. இயக்குநர் அறை ஐந்தாவது மாடி. கையில் ஒரே ஒரு தாள், அதில் ஓர் அட்டவணை. முதல் பத்தியில் பழைய இன்சுலின் புட்டியின் விலை, இரண்டாவதில் புது இன்சுலின் பேனாவின் விலை, பழையதைப் போல நான்கு மடங்கு. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் கையெழுத்தாகி டீ குடித்துக்கொண்டிருக்கலாம். நிறுத்தினாளா? மூன்றாவதாக ஒன்றைப் போட்டாள்... பழைய மருந்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி, மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு ஆன செலவு. ஆம்புலன்ஸ், படுக்கை, குளுக்கோஸ், எல்லாம். அடிக்கடி விழுகிறவர்களுக்கு அதையும் கூட்டிப் பார்த்தால் விலை கூடிய பேனாதான் மலிவு. காலையில் போனில் இயக்குநர், "ஏம்மா, புட்டி என்ன விலை, பேனா என்ன விலை, ரெண்டு பத்தி போதாதா? கமிட்டியில இருக்கறவங்க குழம்பிடுவாங்கம்மா. மூணாவதை எடுத்துட்டு நாலு மணிக்குள்ள மேல வாங்க" என்றார். குழம்பட்டுமே. ஊருக்கே மருந்து வாங்குகிறவர்கள் ஒரு நாள் குழம்பினால் குடியா முழுகிவிடும்?

இரண்டாவது மாடி. மூச்சு வாங்கியது. எல்லாருக்குமா பேனா கேட்டாள்? பெரும்பாலானவர்களுக்குப் பழைய புட்டியே தாராளம், அதையும் அவளேதான் கீழே குறிப்பாக எழுதியிருந்தாள். விழுகிறவர்களுக்கு மட்டும்... எதிர்ப்பட்ட எழுத்தர், நாற்காலியை விட்டு எழவே மாட்டாரென்று ஆபீஸில் 'கோந்து' என்று பெயர் வாங்கியவர், இன்று அதிசயமாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார். "இன்னுமா அந்தப் பத்தியைக் கட்டிக்கிட்டு அழறீங்க? எடுத்துடுங்கக்கா, உங்க வீட்டுச் சொத்தா போகுது?" சொத்தா... கால் தானாக ஏறியது, மனசு கீழே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டது.

அவள் கணவர் தையல்காரர். துறையின் மருந்தகத்தில் தருகிற அதே பழைய புட்டிதான் அவருக்கும். அன்றொரு நாள் விடுமுறை, மத்தியானம், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மெஷினில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் போனால், சட்டையின் கழுத்தில் ஒரு கையைத் தைத்து வைத்திருந்தார். முப்பது வருஷமாகச் சட்டை தைக்கிற மனுஷன். "இது யாருக்குங்க, யானைக்கா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குக் கோபம். "எனக்குத் தெரியாத வேலையா, நீ போடி" என்றார், வார்த்தை குழறியது. அப்போதுதான் நெற்றியில் கொட்டுகிற வேர்வையைப் பார்த்தாள்... மருந்தாளுநராம், படித்தவளாம், சிரித்துக்கொண்டு நின்றாளே. சர்க்கரையைக் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் இல்லை, படுக்கை இல்லை...

நான்காவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். அப்படியென்றால் அவர் எங்கே? தாளைப் பார்த்தாள். மூன்றாவது பத்தியில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்தான் இருக்கிறார்கள். ஒரு கரண்டிச் சர்க்கரையில் வீட்டிலேயே எழுந்தவர்கள்? எழுப்ப ஆளில்லாமல்... இவ்வளவு சண்டை போட்டுக் காப்பாற்ற நினைத்த பத்தியே ஓட்டையா? வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமே கோபமாகவும் ஆனது. தாளைச் சுவரில் வைத்துக் கோணல்மாணலாக இன்னொரு கோடு இழுத்தாள். தலைப்பு: வீட்டிலேயே எழுந்தவர்கள். கீழே 'ஒன்று' என்று எழுதினாள். தெரிந்ததைத்தானே எழுத முடியும்?

ஐந்தாவது மாடி. இயக்குநர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மூணை எடுக்கச் சொன்னா நாலாக்கிட்டு வந்திருக்கீங்க."

"எடுத்தா அது பொய்க் கணக்கு சார். அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி, இந்த ஒண்ணு யாரு?"

சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால், சொந்தக்காரருக்காகப் போட்ட கணக்கு என்பார்கள், அட்டவணையே குப்பைக்குப் போகும். கணவருக்காக இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லலாம்... சொல்லலாமா? அந்த மூன்றாவது பத்தியை என்றைக்குப் போட ஆரம்பித்தாள்? அந்த விடுமுறைக்கு மறுநாள் காலையில்தான். பதினோரு வருஷமாக இதே வேலை, இதே புட்டி, அதுவரை விழுந்தவர்களெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லையா?

இயக்குநர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். தாளின் மேல் அழுத்தி வைத்த கையை அவள் எடுக்கவில்லை.