ஏரியடிப் பெட்டி என்ன சொன்னது?

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. தங்கை துணி மடித்தபடி தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். கேட்டோமா போனோமா என்றில்லாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'நீரின் ஆழத்தில் மௌனம் உறங்கிக்கொ—'

(அடித்தாயிற்று. "அங்க ஒரே இரைச்சல்க்கா" என்றாள்.)

2

தண்ணீருக்குள் ரேடியோ எடுபடாது. ஒலிதான் தூது போக வேண்டும், அதுவும் ஆடி அசைந்துதான் போகும். ஏரியடியில் கிடக்கும் கருவிப் பெட்டிகளில் எது எப்போது பேசுவது, பதில் வராவிட்டால் எவ்வளவு பொறுத்து மறுபடி கூப்பிடுவது என்ற விதிகளை எழுதுவதே அவள் உத்தியோகம். [சின்ன வயதில் என்னை ஒரு வாக்கியம் முழுதாகப் பேசவிடாதவள்.]

3

அன்று அவள் எழுதிய புது விதியை ஏரியில் சோதிக்கப் போன படகில் அவளும் குழுத் தலைவரும் மட்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் தூரத்துப் பெட்டியிடமிருந்து பதில் இல்லை.

"பெட்டி போச்சும்மா. மேல இழுத்துட்டு, பழைய விதியையே போட்டுக்கலாம்" என்றார் தலைவர்.

அவள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதெல்லாம் அதோடு குப்பைக்குப் போகும்.

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். "நான் எங்க அழுதேன்? பசிச்சுது, பிஸ்கட் தின்னேன்." சரி, பிஸ்கட்.)

பிஸ்கட்டைக் கடித்தபடி திரையைப் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. காத்திருக்கும் நேரத்தை ஆய்வுக்கூடத் தொட்டிக்கு வைத்தபடியே விட்டிருந்தாள். தொட்டியில் பதில் உடனே வந்துவிடும். ஏரியிலோ, பதில் பாதி வழியில் இருக்கும்போதே படகுக் கருவி மறுபடி கத்துகிறது. கத்துகிற நேரத்தில் அதற்குக் காது கேட்காது.

"சார், கயித்த இழுக்காதீங்க. அது பேசற நேரம் பாத்து நாமதான் கத்திட்டிருக்கோம். ஒரே ஒரு தடவ கூப்பிட்டுட்டு சும்மா இருப்போம்."

"அப்பவும் வரலன்னா?"

"இழுத்துக்கலாம்."

4

முடிவு அ: பதில் வந்தது, தலைவர் கைகுலுக்கினார். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: பெட்டி நிஜமாகவே செத்துக்கிடந்தது. (மனசு வரவில்லை. அவள்மீது எனக்குப் பிரியம் அதிகம்.)

"அப்புறம் என்னதான்டி ஆச்சு?" என்று அவளையே கேட்டேன். கேட்ட வேகத்தில், தலைவர் திட்டினாரா, பேட்டரி தீர்ந்ததா என்று நானே அடுக்கிக்கொண்டு போனேன்.

"நீ பேச்ச நிறுத்தினாத்தானக்கா சொல்றதுக்கு" என்று சிரித்தாள்.

ஆகவே வாசகரே, அவள் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டி பதில் அனுப்பியிருந்தால் அது இப்போது வழியில் இருக்கும். கொஞ்சம் பொறுத்திருந்து நீங்களே கேளுங்கள். நான் இன்னொரு வாக்கியம் எழுதினால் அது அந்தப் பதிலின் மேல்